பளு இழுக்கும் லாரிக்கு ஏற்ற கிளட்ச்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அந்நகரின் இதமான தட்பவெப்பத்திற்கு இவ்வுயரமே முக்கிய காரணம் என்பதை யாவரும் அறிவோம். ஆனால், சென்னைத் துறைமுகத்திலிருந்தோ மங்களூருத் துறைமுகத்திலிருந்தோ சரக்கேற்றி வரும் லாரிக்கு இதே உயரம் ஒரு சோதனையாக அமைகிறது. எக்கடற்கரையிலிருந்து புறப்பட்டாலும், ஏற்றிய பளு முழுவதையும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த உயரத்திற்குத் தூக்கியாக வேண்டும். சென்னைச் சாலையில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே மட்டும் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. மங்களூருச் சாலையிலோ, குண்டியாவிலிருந்து சக்லேஷ்பூர் வரை சிராடி மலைப்பாதை வளைந்து வளைந்து மேலேறுகிறது.

மேட்டு நிலத்தை அடைந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதற்கில்லை. சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து பீனியா தொழிற்பேட்டையை அடைவதற்குள், வண்டி எத்தனையோ முறை நின்று நின்று புறப்பட வேண்டும். ஆக, ஒரே வண்டிக்கு இருவகைப் பணி ஏற்படுகிறது: ஒன்று நெடுஞ்சாலையில் பளு இழுப்பது, மற்றொன்று நகர நெரிசலில் ஊர்ந்து செல்வது. இவ்விரண்டையும் தாங்கவேண்டிய உறுப்பு கிளட்ச். அதனைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், ஒற்றை லாரியை நம்பித் தவணை கட்டும் உரிமையாளருக்கு ஒரு வாரத்து வருமானம் போகும். மலைப்பாதையில் அது கைவிட்டால், பின்னே வருவோருக்கும் ஆபத்து நேரும். ஆகவே, அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே சற்று விளக்கமாகக் காண்போம்.

டீசல் எஞ்சின் ஓயாது சுழன்றுகொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும். வண்டி நிற்கும்பொழுதோ சக்கரங்கள் அசைவற்றிருக்கின்றன. சுழல்வதையும் நிற்பதையும் திடீரென்று பிணைத்தால், எஞ்சின் அணைந்துவிடும்; அல்லது ஏதேனும் ஓர் உறுப்பு முறியும். கிளட்ச் இவ்விரண்டையும் படிப்படியாக இணைக்கிறது. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும், வில் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடலை மிதித்தால் அழுத்தம் விலகும். மெல்ல விட்டால் பிளேட் உராய்ந்து, சிறிது சிறிதாகப் பிடித்து, முடிவில் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்.

இந்த உராய்வில்தான் சூடு பிறக்கிறது. சாணை பிடிப்பவர் சுழலும் கல்லில் கத்தியை அழுத்தும்பொழுது பொறி பறப்பதைப் பார்த்திருக்கிறோம். கிளட்சினுள் நடப்பதும் அதன் இனமே. சமதளத்தில் எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படுமாயின், வண்டி எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெறுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாக மாறுகிறது. ஏற்றத்தில் இது இன்னும் மிகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டிரெய்லரோடு சேர்ந்து 40 டன் எடையுள்ள வண்டியொன்று முதல் கியரில் புறப்படுகிறது. மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்பொழுது கிளட்ச் முழுவதும் பிடித்துக்கொள்கிறது எனக் கொள்வோம். அப்பொழுது கிளட்சில் பிறக்கும் வெப்பம் சுமார் 80 கிலோஜூல். இதனை 20 கிலோ இரும்பு ஏற்றுக்கொண்டால், அதன் வெப்பநிலை ஒன்பது டிகிரி செல்சியஸ் அளவு உயரும். ஆறுவதற்கு நேரமின்றிப் பத்து முறை அடுத்தடுத்துப் புறப்பட்டால், அதுவே தொண்ணூறு டிகிரியை நெருங்கிவிடும். அதே வண்டியை, வேகம் இரு மடங்காக அமையும் உயர்ந்த கியரில் புறப்படச் செய்தால், வெப்பமும் இரு மடங்காகும் என்றுதான் பலர் எண்ணுவர். உண்மையில் அது நான்கு மடங்காகும்! கிளட்ச் கருகுவதற்குப் பளுவைக் காட்டிலும் புறப்படும் கியரே காரணமாவது இதனாலேதான்.

இனி, கிளட்சின் தாங்குதிறனைப் பார்ப்போம். அது நான்கு காரணங்களைப் பொறுத்தது: வில்லின் அழுத்தம், உராயும் பொருளின் பிடிப்பு, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஒற்றைப் பிளேட்டுக்கு இரண்டு முகங்கள். இரட்டைப் பிளேட்டுக்கு நான்கு. லாரிகளுக்கு 330, 352, 380, 395, 430 மில்லிமீட்டர் எனப் பல விட்ட அளவுகளில் பிளேட்டுகள் கிடைக்கின்றன. எஞ்சின் தரும் உச்ச முறுக்கு விசையைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரையிலாவது கிளட்ச் தாங்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே உச்ச முறுக்கு விசையைத் தருவதால், குதிரைத்திறனை மட்டும் பார்த்துக் கிளட்ச் வாங்குவது பொருந்தாது.

அப்படியானால், கிடைப்பவற்றுள் மிக வலிமையானதையே வாங்கிவிடலாமே என்ற ஐயம் நேயர்களுக்கு எழலாம். அதுவும் சரியன்று. அளவுக்கு மிஞ்சி இறுகப் பிடிக்கும் கிளட்ச் சற்றும் நழுவாது. அதனால் ஏற்படும் அதிர்ச்சி முழுவதும் கியர் பெட்டிக்கும், பின் அச்சுக்கும் செல்லும். கிளட்ச் பிளேட்டின் விலையை மிச்சம் பிடிக்கப்போய், அச்சுத் தண்டுக்கும் பல்சக்கரங்களுக்கும் செலவழிக்க நேரும். மேலும், வில் வலுத்தால் பெடலும் கனக்கும். நெரிசலில் அதனை நாள் முழுவதும் மிதிக்கும் ஓட்டுநரின் முழங்காலையும் நாம் கணக்கில் சேர்க்கவேண்டும். காற்றழுத்த உதவியுள்ள வண்டிகளில் இத்துன்பம் குறைவு.

உராயும் பொருளில் இருவகை வழக்கில் உண்டு. கண்ணாடி இழை, உலோக இழை, பிசின் முதலியவற்றால் ஆன ஆர்கானிக் பட்டை ஒரு வகை. இது மென்மையாகப் பிடிக்கும், புறப்பாடு இதமாயிருக்கும். ஆனால் மிகுந்த சூட்டில் பிடிப்புக் குறைந்து, கருகிய நாற்றம் வீசும். உலோகத் தூளும் பீங்கான் வகைத் தூளும் சேர்த்து இறுக்கிய செராமிக் வில்லைகள் மற்றொரு வகை. இவை சூட்டை நன்கு தாங்கும், பிடிப்பும் அதிகம். எனினும் இவை வெடுக்கெனப் பிடிக்கும். நெரிசலில் வண்டி குலுங்கும். பிளைவீலின் முகமும் விரைவில் தேயக்கூடும்.

ஆகவே, தேர்வுக்கு அடிப்படையாவது வண்டி எப்பொழுதாவது செய்யும் மிகக் கடினமான வேலையன்று. அன்றாடம் செய்யும் வேலையே என்பது எங்கள் கருத்து. வாரத்தில் ஐந்து நாள் நகரைச் சுற்றிச் சரக்கு வழங்கி, ஒரு நாள் மட்டும் மலையேறும் லாரிக்கு, தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே தரமான ஆர்கானிக் பிளேட் போதும். நாள்தோறும் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் செராமிக் பிளேட்டோ, பெரிய விட்டமுள்ள கிளட்சோ, இரட்டைப் பிளேட்டோ தகும். எனினும் அவ்வண்டிக்கெனத் தயாரிப்பாளர் அனுமதித்ததாக அது இருக்கவேண்டும். இரண்டும் சரிபாதி என்றால், பெரிய விட்டமுள்ள ஆர்கானிக் பிளேட்டை முதலில் நாடலாம். எதுவாயினும், பிளேட்டின் நடுவே அதிர்வு தாங்கும் வில்கள் உள்ளனவா என்று பார்ப்பது நலம். குறைந்த சுழற்சியில் டீசல் எஞ்சின் தரும் துடிப்பை அவையே தணிக்கின்றன.

கடைக்குச் செல்லுமுன் வண்டியின் மாடல், எஞ்சின் எண், பிளேட்டின் விட்டம், நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். பெங்களூரு ஜே.சி. சாலையில் உதிரிப்பாகக் கடைகள் ஏராளம். ஆனால் பெட்டியின் படத்தை மட்டும் நம்பாமல், ரசீது பெற்று வாங்குவதே பாதுகாப்பு. பிளேட்டை மட்டும் மாற்றாது, பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் உடன் மாற்றுவது சிக்கனம். ஏனெனில் கியர் பெட்டியை இறக்கும் கூலி இரு முறையும் ஒன்றே. பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, கீறல் உண்டா, ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். எண்ணெய் படிந்தால் எத்தகைய பிளேட்டும் நழுவும். பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அத்தூளைக் காற்றடித்து ஊதுதல் நுரையீரலுக்குக் கேடு; ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நன்று.

புதுக் கிளட்ச் போட்ட பின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கடும் பளுவைத் தவிர்த்தல் வேண்டும். உராயும் முகங்கள் ஒன்றோடொன்று பொருந்த அக்காலம் தேவை. அதன்பின் ஓட்டுநரின் பழக்கமே கிளட்சின் ஆயுளை நிர்ணயிக்கும். பளுவோடு எப்பொழுதும் முதல் கியரில் புறப்படுக. ஏற்றத்தில் நிற்கும்பொழுது வண்டியை அரை கிளட்சில் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கைப் பயன்படுத்துக. ஓடும்பொழுது பெடலின்மேல் பாதத்தை வைத்திராதிருக்க. விலையுயர்ந்த கிளட்சும் இவற்றை மறந்தவரிடம் நெடுநாள் நிலைக்காது. நடுத்தரக் கிளட்சும் இவற்றைக் கடைப்பிடிப்பவரிடம் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்.