100 பேரில் 4 பேரிடம் உள்ள மரபணுக் குறை: இதய நோய்க்கு அதுதான் காரணமா?

2009 ஜனவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, இந்தியாவில் பலரைத் திடுக்கிட வைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை எஸ். தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் எழுதியது. இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் ஏறத்தாழ 4 பேரின் இதயத் தசை மரபணு ஒன்றில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் இல்லை. இந்தக் குறை உள்ளவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு. 4 சதவீதம் என்றால் அன்றைய கணக்கில் சுமார் 6 கோடிப் பேர்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, அந்தக் குறையின் மீது விழுந்த பழியில் பெரும்பகுதி வேறொன்றைச் சேரவேண்டியது என்று தெரியவந்தது. 2009 ஆய்வு பொய் என்று இதற்குப் பொருள் அல்ல. நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடும் வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை நம் ஊர்ப் பக்கம் வேறில்லை.

முதலில் அந்த 25 எழுத்துகள். மரபணுவின் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. இதயத் தசை எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுத்தமாகச் சுருங்க வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் ஒரு புரதத்துக்கான செய்முறை அதில் இருக்கிறது. செய்முறை ஒரே தொடராக எழுதப்பட்டிருப்பதில்லை. புரதமாக மாறும் துண்டுகள் எக்ஸான். நடுநடுவே வரும், வெட்டி நீக்கப்படும் துண்டுகள் இன்ட்ரான். செல் இன்ட்ரான்களை வெட்டியெறிந்து எக்ஸான்களை ஒட்டிக்கொள்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்கான அடையாளம் இன்ட்ரானுக்குள்ளேயே இருக்கும். 32ஆவது இன்ட்ரானில் 25 எழுத்துகள் விடுபட்டதால் அந்த அடையாளம் குலைகிறது. செல் 33ஆவது எக்ஸானைத் தாண்டிப் போய்விடுகிறது. புரதத்தின் வால் பகுதி தவறாக அமைகிறது. இவ்வளவு தெளிவான பழுது கண்ணுக்குத் தெரியும்போது, நோய்க்குக் காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றும்.

உறுத்தலான கேள்வி ஒன்று அப்போதும் இருந்தது. இவ்வளவு மோசமான குறை இத்தனை கோடிப் பேரிடம் எப்படி நிலைத்தது? அது ஏறத்தாழ 33,000 ஆண்டு பழையது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நோய் நடுவயதுக்குப் பிறகே வருகிறது, அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள், அதனால் இயற்கைத் தேர்வு இதைக் களையவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். நியாயமான விளக்கம்தான். ஆனாலும் அந்தக் குறையோடு முதுமை வரை நன்றாகவே வாழ்ந்தவர்கள் ஏராளம்.

இங்கேதான் டி.என்.ஏ.வின் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு டி.என்.ஏ. எழுத்து எழுத்தாக வருவதில்லை. நீண்ட துண்டுகளாக வருகிறது. ஒரே துண்டில் அருகருகே இருக்கும் மாற்றங்கள் பல தலைமுறைகள் சேர்ந்தே பயணம் செய்கின்றன. நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் ஒப்பிட்டு, நோயாளிகளிடம் அதிகம் தென்படும் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வின் முதல் படி. அந்தப் படியில் கிடைப்பது, பிக்பாக்கெட் அடித்தவர் வந்த பேருந்தின் எண் மட்டும்தான். ஆளைப் பிடிக்க, பேருந்தில் வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

விசாரணை நடந்தது. 2018இல், அமெரிக்காவில் சக்திவேல் சடையப்பன் குழு, 25 எழுத்துக் குறை உள்ள தெற்காசியர்களில் சிலரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பதைக் காட்டியது. இதயத்தின் இயக்கத்தில் மாறுபாடு தெரிந்தது இரண்டும் உள்ளவர்களிடம். 2020இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஹார்பர் குழு, இதயத் தசை தடிப்பு நோய் உள்ள தெற்காசியர்களின் மரபணுவை இன்ட்ரான்களையும் விடாமல் படித்தது. ஒரு எக்ஸான் தொடங்குவதற்கு 52 எழுத்துகள் முன்னால், ஓர் இன்ட்ரானுக்குள், 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' இருந்தது. அந்த ஒற்றை எழுத்து மாற்றம் போலியான ஒரு வெட்டு அடையாளத்தை உண்டாக்கி, புரதத்தின் செய்முறையையே கெடுக்கிறது. 25 எழுத்துக் குறை உள்ள பெருங்கூட்டத்தில் சிறு பகுதியினரிடம் மட்டும் இது இருக்கிறது. எப்போதோ, அந்தக் குறை ஏற்கெனவே இருந்த ஒருவரின் டி.என்.ஏ.வில் இந்த மாற்றம் புதிதாகத் தோன்றி, வாரிசுகளுக்கு இரண்டும் சேர்ந்தே போயிருக்கிறது. தடிப்பு நோய்க்கான ஆபத்தை இந்த ஒற்றை எழுத்தே விளக்கிவிடுகிறது; 25 எழுத்துக் குறை மட்டும் உள்ளவருக்கு அந்த ஆபத்து இல்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. 2009 ஆய்வு இல்லையென்றால் இந்த மரபணுவின் பக்கம் இவ்வளவு பேர் திரும்பியிருக்க மாட்டார்கள். பேருந்தின் எண்ணைக் குறித்துக் கொடுத்தவரைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஒரே மரபணு சார்ந்த நோயிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், நூற்றுக்கணக்கான மாற்றங்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கும் சர்க்கரை நோயிலும் உடற்பருமனிலும் எப்படி இருக்கும்? உடற்பருமன் கதையைப் பாருங்கள். எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தை இரண்டு பிரதியிலும் பெற்றவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருப்பதாக 2007இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். 'குண்டு ஜீன்' என்றே பெயர் பரவியது. 2014இல் தெரிந்ததோ வேறு: மாற்றம் இருப்பது எஃப்.டி.ஓ.வுக்குள்தான், ஆனால் அந்த இடம் கட்டுப்படுத்துவது லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் இருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3 என்ற இன்னொரு மரபணுவை. அந்த மரபணுவை நீக்கிய எலிகள் 25 முதல் 30 சதவீதம் எடை குறைவாக இருந்தன.

இதயக் கதைக்கு ஏன் பதினோரு ஆண்டுகள் ஆயின என்றும் கேட்க வேண்டும். நம் மக்களின் டி.என்.ஏ. போதிய அளவில் படிக்கப்படாதது ஒரு பெரிய காரணம் என்பேன். இந்த வகைத் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2016இல் 'நேச்சர்' இதழில் கணக்குக் காட்டப்பட்டது. ஐரோப்பியர்களிடம் காண அரிதான ஒரு மாற்றத்தை ஐரோப்பியத் தரவில் எப்படித் தேடுவது? ஜீனோம் இந்தியா திட்டத்தில் திரட்டப்பட்ட 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல தொடக்கம்தான், ஆனால் 140 கோடி மக்களுக்கு 10,000 போதாது. அதிலும், தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்துவந்த நாட்டில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி மரபணு வரலாறு இருக்கிறது.

சரி, பரிசோதனை அறிக்கையில் '25 எழுத்துக் குறை உள்ளது' என்று அச்சாகி வந்தால் என்ன செய்வது? அந்த வரியை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இதயத் தசை தடித்திருந்தால், அல்லது யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், அறிக்கை எப்படி இருந்தாலும் இதய மருத்துவரைப் பார்த்து இசிஜியும் எக்கோவும் எடுத்துவிட வேண்டும். மரபணுப் பரிசோதனை செய்வதானால் ஆய்வகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். பல சோதனைகள் எக்ஸானையும் அதை ஒட்டிய பத்து, இருபது எழுத்துகளையும் மட்டுமே படிக்கின்றன; நோய் தரும் எழுத்து இருப்பதோ 52ஆவது இடத்தில். அதுவரை படிப்பீர்களா என்பதே கேள்வி.