ஊசியைக் கொடுத்த வைத்தியர்கள்

1986ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, டார்லிங்ஹர்ஸ்ட் என்னும் பகுதியில், சட்டத்துக்கு மாறான ஒரு காரியம் நடந்தது. அதனைச் செய்தவர்கள் வைத்தியசாலை ஊழியர்கள். புனித வின்சன்ட் வைத்தியசாலையின் மது, போதைப்பொருள் சேவைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வைத்தியர் அலெக்ஸ் வொடாக்கும் அவருடன் பணியாற்றியோரும், ஹெரோயினை ஊசி மூலம் ஏற்றுவோருக்குப் புதிய ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினர். பாவித்ததைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கிச் செல்லலாம். அரசிடம் அனுமதி கேட்டுக் கிடையாமற் போன பின்னரே இப்படிச் செய்யத் துணிந்தார்கள்.

போதைக்காரனுக்கு ஊசியும் கொடுப்பதா என்று வாசகர்கள் கேட்பீர்கள். கசிப்பினால் குடும்பங்கள் படும் பாட்டை அருகிலிருந்து கண்டவர்களுக்கு இது காதில் விழவே பொறுக்காது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த வைத்தியர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

புகையிலைத் தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. தேமல் நோய் பிடித்த கன்றிலே பக்கக் கொழுந்து முறித்த கையைக் கழுவாமல் அடுத்த கன்றிலும் முறித்தால், நிரை முழுவதும் நோய் போய்விடும். நோயைக் கொண்டுபோவது கையில் ஒட்டிய சாறு. ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றி மாற்றி ஏற்றும்போதும் இதுவே நடக்கிறது. ஊசிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கியிருக்கும். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் அந்தத் துளியிலே பயணம் செய்கின்றன.

எவ்வளவு வேகமாக? இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தைப் பாருங்கள். பர்மா எல்லையை ஒட்டிய அம்மலைநாட்டில் ஹெரோயின் மலிவாகக் கிடைத்தது, ஊசிகளோ குறைவு. 1989 செப்டெம்பர் வரை அங்கு பரிசோதிக்கப்பட்ட ஊசிப் பாவனையாளரிடம் எச்.ஐ.வி. காணப்படவில்லை. அடுத்த ஆறு மாதங்களுக்குள் அவர்களில் பாதிப்பேரளவில் அது பரவிவிட்டது. ஒரு போகம் நெல் விதைத்து அறுக்கும் காலம் அவ்வளவுதான். பின்னர் அது அவர்களுடைய மனைவியரையும் பிறக்கும் பிள்ளைகளையும் சென்றடைந்தது. இந்தப் பெண்களில் அநேகர் வாழ்நாளில் ஊசியைத் தொட்டவர்கள் அல்லர்.

சிட்னியில் அப்படி நடக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசு விரைவிலேயே அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஏனைய மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஊசியோடு, வாயால் குடிக்கும் மெதடோன் மருந்தும் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதைக் குடிப்பவருக்கு ஹெரோயின் தேடி அலையும் அவதி குறைகிறது. அந்நாட்டில் ஊசி ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 2000ஆம் ஆண்டு வரையில் 25,000 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் இத்திட்டம் காத்ததென 2002இல் வெளியான அரசாங்க அறிக்கை கணித்தது.

ஹெபடைட்டிஸ் சி விடயத்தில் வெற்றி இவ்வளவு இலகுவாகக் கிடைக்கவில்லை. அக்கிருமி இனங்காணப்பட்டதே 1989இல்தான். அதற்குள் அது பரவியிருந்தது. சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடிருக்கக் கூடியது அது. கரைக்கும் கரண்டி, வடிக்கும் பஞ்சு, தண்ணீர் ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் தொற்றும். ஹெபடைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு, சிக்கு இல்லை. ஆனால் இப்போது குளிகை உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விழுங்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் முற்றாகக் குணமாகின்றனர். 2016 மார்ச் தொடக்கம் அவுஸ்திரேலியா இதனை அரசுச் செலவில், இன்னும் போதை பாவிப்பவர் என்று ஒதுக்காமல், எல்லோருக்கும் வழங்கியது. ஊசி நிலையங்களுக்கு வருவோரில் 2015இல் பாதிப்பேரிடம் இருந்த கிருமி, சில ஆண்டுகளிலேயே கால்வாசிக்கும் கீழே இறங்கிற்று.

இந்தக் கதையிலே திருச்சபைக்கும் பங்குண்டு. 1999இல், சிட்னி கிங்ஸ் குறொஸ் பகுதியில் தாதியரின் கண்காணிப்பில் ஊசி ஏற்றும் நிலையமொன்றை நடத்தும்படி, புனித வின்சன்ட் வைத்தியசாலையை நிறுவிய கருணைச் சகோதரிகளை அரசு அழைத்தது. அவர்கள் இணங்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலிருந்த வத்திக்கான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விலகுமாறு பணித்தது. சகோதரிகள் கீழ்ப்படிந்தார்கள். நோக்கம் நல்லதாயினும், அது தீமையோடு மிக நெருங்கி ஒத்துழைப்பதாகும் என்பதே காரணம். குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த எவருக்கும் அந்த வாதம் பழக்கமானது. அது இலேசான வாதமும் அல்ல. ஆனாலும் மூச்சு நின்று கிடப்பவனுக்கு முதலில் ஒட்சிசன் தேவை, அறிவுரை பிறகு என்றே எனக்குத் தோன்றுகிறது. யுனைட்டிங் சபை அப்பணியை ஏற்று 2001 மே மாதம் நிலையத்தைத் திறந்தது. பரீட்சார்த்தமாகத் தொடங்கியதைச் சட்டம் 2010இல் நிரந்தரமாக்கியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் அங்கு ஊசி ஏற்றப்பட்டும், அளவு மிஞ்சி உள்ளே இறந்தவர் ஒருவரும் இலர்.

நம் நாட்டில் ஹெரோயினைப் பெரும்பாலும் புகையாகவே இழுத்து வந்திருக்கின்றனர். புகை ஊசியாக மாறுவதற்கு மணிப்பூரில் நீண்ட காலம் செல்லவில்லை. உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பிள்ளை ஊசி ஏற்றுகிறான் என்று அறிந்தால், அவனை அடித்துத் துரத்துவதால் அவன் ஊசியைத் துரத்தமாட்டான். கூட்டாளிகளின் ஊசிக்கே போவான். எச்.ஐ.வி. பரிசோதனை அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். அங்கே கூட்டிச் செல்லுங்கள். ஈரல் கிருமிகளுக்கான பரிசோதனையையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

வளவிலோ ஒழுங்கையிலோ ஊசி கிடந்தால் சிறுவர்களை எடுக்க விடவேண்டாம். மூடியைத் திரும்பப் போட முயலாமல், குறட்டினால் பிடித்து, தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு இறுக மூடி வைத்தியசாலையில் கொடுங்கள். காலிலே குத்திவிட்டால் பிதுக்கவோ உறிஞ்சவோ கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்து தேவையாயின் 72 மணித்தியாலத்துக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும்.