ராஜலட்சுமி எப்படி ராஜி ஆனாள்?

ருஷ்யக் கதைகளைத் தமிழில் படிப்போருக்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. முதல் பக்கத்தில் மரியா என்று வரும் பெண் அடுத்த பக்கத்தில் மாஷா ஆகிவிடுவாள். பின்னர் மாஷெங்கா என்பார்கள். இவர்கள் மூவரா, ஒருவரா?

ஒருவரே! வீட்டாரும் தோழியரும் மரியாவை மாஷா என்பர். மாஷெங்கா என்பதில் கொஞ்சல் மிகுதி. மாஷ்கா என்று உற்ற தோழி சொன்னால் உரிமை. அயலார் சொன்னால் அவமதிப்பு. ஆசிரியையாக இருந்தால் தந்தை பெயரையும் சேர்த்து, மரியா இவானவ்னா என்றே அழைக்க வேண்டும். இவானின் மகள் மரியா என்பது இதன் பொருள். பெயரின் வடிவமே உறவைக் காட்டிவிடுகிறது. ருஷ்ய மொழிக்கு உறவான போலிஷ் மொழியிலும் இம்முறை உண்டு. 1867-இல் வார்சாவில் பிறந்த மரியா, வீட்டாருக்கு மான்யா. அவரே பின்னாளில் ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி அம்மையார்.

நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். ஒரு வகுப்பில் ராஜலட்சுமி, விஜயலட்சுமி, தனலட்சுமி, மகாலட்சுமி என நால்வர் இருப்பதாகக் கொள்வோம். "லட்சுமி!" என்று அழைத்தால் நால்வரும் திரும்புவர். ராஜி, விஜி, தனம், மகா என்றால் குழப்பமில்லை. பொதுவான பகுதி நீங்கி, வேறுபடுத்திக் காட்டும் பகுதி நிற்கிறது. சரஸ்வதி சரசு ஆவதும், கோமதி கோமு ஆவதும், ருக்மணி ருக்கு ஆவதும் இவ்வாறே: முன்பகுதி நிற்கும், வால் அறுபடும், முடிவில் பெரும்பாலும் உகரமோ இகரமோ வந்து சேரும். விதிவிலக்கும் உண்டு. சுப்பிரமணியம் சுப்புவும் ஆவார். வாலை மட்டும் பற்றி மணியும் ஆவார்.

ருஷ்யர் பெயரின் வாலை மாற்றிக் காட்டும் அன்பை, நாம் தனிச்சொல்லால் காட்டுகிறோம். "வா அம்மிணி", "சாப்பிடு கண்ணு" என்று பாட்டி அழைப்பதைக் கோவைப் பக்கத்தில் கேட்கலாம். வயதில் மூத்தவரானால் ராஜியக்கா, விஜியத்தை என்போம். செல்லமும் மரியாதையும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடுகின்றன!

ஆகவே செல்லப்பெயர் சிதைந்த பேச்சு அன்று. விதிகளுக்கு உட்பட்ட மொழி வழக்கு. ஆனால் அதன் இடம் வீடும் வீதியுமே. பள்ளிப் பதிவேட்டில் சரசு, பிறப்புச் சான்றிதழில் சரஸ்வதி என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். பின்னர் பெயரை மாற்ற அரசிதழில் வெளியிட வேண்டியும் வரலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே உங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் தெருவில் வழங்கும் இருபது செல்லப்பெயர்களை முழுப்பெயர்களோடு எழுதுங்கள். எத்தனை பெயர்களில் முன்பகுதி நிற்கிறது? எத்தனையில் வால் நிற்கிறது? விடை உங்கள் ஏட்டிலேயே இருக்கும்.