சராசரி மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் நடத்தியபோது, "இது எதுக்கு சார் பயன்படும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மறுநாள் இரண்டு வகை பிஸ்கட் பாக்கெட்டுகளை, வகைக்கு ஐந்தாக, வகுப்புக்குக் கொண்டுசென்றேன். எல்லா உறையிலும் நிகர எடை 100 கிராம். உறையின் எடையைக் கழித்து மாணவர்கள் எடை பார்த்தனர்.

முதல் வகை: 99, 100, 101, 100, 100. இரண்டாம் வகை: 94, 106, 97, 103, 100. இரண்டுக்கும் சராசரி 100தான். திட்ட விலக்கமோ முதலாவதற்கு 0.63, இரண்டாவதற்கு 4.24. 100 கிராம் பாக்கெட்டில் விதி பொறுத்துக்கொள்ளும் குறைவு 4.5 கிராம். 94 கிராம் வாங்கியவருக்குச் சராசரியால் என்ன பயன்?

தொழிற்சாலைகளிலும் இதே கணக்குதான், மாதிரிகள் மட்டும் அதிகம். மேல் வரம்புக்கும் கீழ் வரம்புக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் செயல்முறைத் திறன் குறியீடு கிடைக்கும். அது 1.33க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பர். இருபுறமும் 4.5 கிராம் வரம்பு எனக் கொண்டால், முதல் வகைக்கு 2.37, இரண்டாவதற்கு 0.35.

அன்று மாலை மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தேன். வகுப்புச் சராசரி 62 என்று மகிழ்ந்திருந்தேன். அதற்குள் 18 மதிப்பெண் பெற்ற மாணவனும் இருந்தான். இப்போது சராசரிக்குப் பக்கத்தில் வீச்சையும் எழுதுகிறேன்.