சிறார் மனநல மருத்துவர்: யார் இவர், என்ன படித்தவர்?

ஈப்போ வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் ஓர் ஊரின் பெயர் மட்டுமல்ல, கிண்டல் சொல்லும்கூட. வகுப்பில் ஒருவன் கொஞ்சம் வித்தியாசமாக நடந்தால் போதும், “இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று பின்வரிசையில் குரல் வரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன், ஓரிடத்தில் உட்கார முடியாத படிவம் 1 மாணவனைப் பார்த்து. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

மறு ஆண்டு, அவனை மருத்துவரிடம் காட்டும்படி அவன் பாட்டியிடம் பேச வேண்டி வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். தோட்டம் கைமாறியதும் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தவர். “அங்கெல்லாம் கொண்டு போனா பைத்தியம்னு பேர் வச்சிடுவாங்க டீச்சர், வேணாம்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பேரை முதலில் வைத்தவளே நான்தானே.

பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த மருத்துவர் யார் என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயம் எங்கிருந்து வந்தது?

உலு கிந்தாவில் உள்ள மனநல மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா. ‘பஹாகியா’ என்றால் மலாயில் மகிழ்ச்சி. அந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள் பலர் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். நம் தாத்தா பாட்டிகளின் பயத்துக்கு அதுதான் காரணம். இப்போது நிலைமை வேறு. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறார்கள்.

படிப்புப் பாதை

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைக் கல்வி. அடுத்து,

1. மருத்துவப் பட்டப்படிப்பு: பொதுவாக 5 ஆண்டுகள்.
2. ஹவுஸ்மேன் பயிற்சி: 2 ஆண்டுகள். குழந்தை மருத்துவம், அறுவைச் சிகிச்சை எனப் பல பிரிவுகளில் வேலை.
3. மருத்துவ அதிகாரியாகச் சேவை.
4. மனநல மருத்துவத்தில் முதுகலை: 4 ஆண்டுகள். மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.எஸ்.எம். போன்றவற்றில் உண்டு. பிரிட்டனின் எம்.ஆர்.சி.சைக் தேர்வு எழுதி வருவோரும் உள்ளனர்.
5. சிறார், பதின்ம வயதினர் துறையில் துணைச் சிறப்புப் பயிற்சி: ஏறக்குறைய 3 ஆண்டுகள்.

கூட்டிப் பாருங்கள். இடையில் செய்யும் சேவையைச் சேர்க்காமலே 14 ஆண்டுகள்! ‘பேசி அனுப்புகிறவர்தானே’ என்று நினைப்போருக்கு இந்தக் கணக்கே பதில்.

ஏன் முதலில் முழு மருத்துவம் படிக்க வேண்டும்? ‘சொன்னதைக் கேட்கவே மாட்டேங்கிறான்’ என்று நாம் சொல்லும் மாணவனுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். சோர்வுக்கு இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கலாம். இவற்றையெல்லாம் விலக்கிப் பார்த்த பிறகே மனம் சார்ந்த முடிவுக்கு வர முடியும்.

மூன்று பேர், மூன்று வேலை

மனநல மருத்துவர்: மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், தேவைப்பட்டால் மருந்து எழுதுவார்.

மருத்துவ உளவியலாளர்: உளவியல் படித்தவர். சோதனைகள் நடத்துவார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார்.

ஆலோசகர்: 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர். பள்ளியில் நாம் முதலில் நாடும் ஆலோசக ஆசிரியரின் பணி இத்துறையைச் சேர்ந்தது.

ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாற்றை எடுத்துக்கொள்வோம். அறிகுறிகள் ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு சூழல்களில் தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மருத்துவர் பள்ளிக்கு வந்து உட்கார முடியாது. பள்ளியில் நடப்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும்.

‘சேட்டை அதிகம், படிப்பில் ஆர்வமில்லை’ என்று எழுதினால் பயனில்லை. அது நம் தீர்ப்பு. ‘30 நிமிடப் பாடத்தில் ஆறு முறை எழுந்தான், காலையில் எழுதுகிறான், மதியத்தில் எழுதுவதில்லை, மூன்று வாரமாக நண்பர்களோடு சாப்பிடுவதில்லை’ என்று எழுதுங்கள். அது தகவல். பெற்றோர் சம்மதத்தோடு, ஆலோசக ஆசிரியர் வழியாக அனுப்புங்கள். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தமிழாசிரியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் பிள்ளைகள் ‘எனக்குப் பதற்றம்’ என்று சொல்வதில்லை. “வயிறு வலிக்குது”, “நெஞ்சு படபடன்னு இருக்கு” என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்ட சொல்லிலேயே எழுதிவையுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று நிபுணரிடம் போகலாம். குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட் என்பதே வழக்கமான கட்டணம். ஆனால் ஒரு மாணவர் சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே ஆலோசக ஆசிரியர், பெற்றோர், மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ஹீல் உதவி எண் 15555. தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமல்ல. மறைக்க வேண்டிய காரணம் இல்லை.

தேர்வு மாணவர்களுக்கு

சுகாதார அமைச்சின் 2022 ஆய்வின்படி, பதின்ம வயது மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம், அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல், மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. உங்கள் வகுப்பை எண்ணிப் பாருங்கள். கட்டுரையில் ‘பைத்தியம்’ என்று எழுதாமல் ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதுங்கள். அறிவியல் பிரிவில் படிப்பவர்கள் இந்தத் துறையையும் யோசியுங்கள். தமிழில் பேசினால் மனம் திறக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்த மருத்துவர்கள் வேண்டும்.

பாட்டியிடம் மறுபடியும் போனேன். “இவரும் டாக்டர்தான் பாட்டி. குழந்தை டாக்டர் மாதிரி, பிள்ளைங்க மனசுக்குப் படிச்சவரு. பேசிட்டு அன்னைக்கே வந்துடலாம்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நீங்க கூட வருவீங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

போனேன்.