உங்களுக்குத் தெரியுமா? குணம் வெளிப்படும் இடம்

மலேசியாவின் சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. 1925இல் தொடங்கிய கழகம் அது. அந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரம் எழுகிறது. தோட்டங்கள் மறைந்தாலும் தோட்டத்து மனிதர்கள் கதைகளில் இருக்கிறார்கள். 1975இல் ஞானபீட விருது பெற்ற அகிலன்கூட மலேசியத் தோட்டத்தை வைத்து ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார்.

இத்தகைய கதைகளில் ஒருவரின் குணத்தை எப்படிக் காட்டுவது? ‘அவன் கோழை’ என்று ஆசிரியரே சொல்லிவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை. அதைவிட, பேச விடுவதே மேல். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒருவன், தோட்டக் கணக்கரான கிராணியிடம் தலைகுனிந்து, “ஐயா, நேத்து என் பேரு விட்டுப்போச்சுங்க” என்கிறான். மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பியதும், “காச எங்கடி ஒளிச்சு வச்ச?” என்று மனைவியிடம் பாய்கிறான். இரண்டே வரிகள், ஆள் முழுதாகத் தெரிந்துவிடுகிறான். செயலும் அப்படித்தான்: ரப்பர் பால் வடியும் மங்கில் ஒட்டிய கடைசிச் சொட்டுப் பாலையும் விரலால் வழித்தெடுக்கும் கிழவியின் வறுமைக்கு வர்ணனையே வேண்டாம்.

அடுத்த முறை தோட்டக் கதை படிக்கும்போது, ஒருவரின் பேச்சு ஆளுக்கு ஆள் மாறும் இடங்களைக் கவனியுங்கள்.