தேயிலைக்குப் பிடித்த மண்ணு கோவாவுக்குப் பிடிக்குமா?



லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தால், அதில் நாலு கோவா, ரெண்டு வரிசை போஞ்சி, கொஞ்சம் லீக்ஸ் வைக்காத குடும்பம் குறைவு. மரக்கறி விலை ஏறி நிற்கும்போது அந்தத் துண்டு நிலம் பெரிய கைகொடுப்பு. ஆனால் பல வீடுகளில் ஒரே மனக்குறை. "கடன் வாங்கி உரம் போட்டோம். கோவா மஞ்சளா நிக்குது, போஞ்சி வளரவே இல்ல. மேல மலையில தேயிலை மட்டும் பச்சைப் பசேல்னு இருக்கு. ரெண்டும் ஒரே மண்ணுதானே?"

ஆமாம், ஒரே மண்ணுதான். காரணமும் அதுதான். தேயிலைக்குப் பிடித்த மண் வேறு, கோவாவுக்கும் போஞ்சிக்கும் பிடித்த மண் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் உரத்துக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பகுதியாவது மிஞ்சும்.

மண்ணின் புளிப்பு

நாக்குக்கு மட்டும்தான் புளிப்பு தெரியும் என்றில்லை, மண்ணுக்கும் புளிப்பு உண்டு. அதை அமிலத் தன்மை என்பார்கள். அதை அளக்கும் அளவுகோலுக்குப் பெயர் பீ.எச். அது 0 முதல் 14 வரை போகும். நடுவில் 7. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும் என்பதை முக்கியமாக ஞாபகம் வைக்க வேண்டும். ஆகவே 6.5 உள்ள மண்ணைவிட 4.5 உள்ள மண் நூறு மடங்கு புளிப்பானது.

தேயிலைக்கு ஏற்ற அளவு 4.5 முதல் 5.5 வரை. கோவா, போஞ்சி, பீட்ரூட், லீக்ஸ் போன்றவற்றுக்கு 6 முதல் 7 வரை வேண்டும். உருளைக்கிழங்கு மட்டும் கொஞ்சம் புளிப்பைத் தாங்கும்.

மலைநாட்டு மண் ஏன் புளிப்பாக இருக்கிறது? முதல் காரணம் மழை. வருஷக் கணக்காகப் பெய்கிற மழை, மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக் கான் வழியாக ஆற்றுக்குக் கொண்டு போய்விடுகிறது. இரண்டாவது காரணம், காலங்காலமாகப் போட்ட நைதரசன் உரம். 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த நாளிலிருந்து பார்த்தால், இந்த மலைகளில் ஒரே பயிர் ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

அலுமினியம் செய்கிற வேலை

நம் சிவந்த மண்ணில் அலுமினியம் நிறைய உண்டு. பானை சட்டி செய்கிற அதே அலுமினியம்தான், ஆனால் களிமண்ணோடு கட்டுண்டு கிடக்கும். மண் 5.5-க்குக் கீழே புளிக்கும்போது அது மெல்ல அவிழ்ந்து, மண்ணிலுள்ள ஈரத்தில் கரைந்து வருகிறது. கரைந்த அலுமினியம் மரக்கறிச் செடியின் வேர் நுனியைக் கருக்கிவிடும். வேர் நீளாமல் கட்டையாக நின்றுவிடும். அப்படிப்பட்ட செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் எடுத்துச் சாப்பிட வாய் இல்லை.

தேயிலை அப்படியல்ல. அது அலுமினியத்தை உறிஞ்சி, முத்தின இலைகளில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் செடி. அதனால்தான் மற்றப் பயிர் வாடுகிற இடத்தில் தேயிலை செழித்து நிற்கிறது.

கரைந்த அலுமினியமும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்து இன்னொரு கெடுதலும் செய்கின்றன. வேருக்கும் பூவுக்கும் வேண்டிய பொசுபரசைப் பிடித்துக் கட்டி வைத்துவிடும். நீங்கள் போட்ட பொசுபரசு உரம் மண்ணில்தான் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அனுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவலையில் 1971-ல் கண்டுபிடிக்கப்பட்ட பொசுபேற்றுப் பாறையைத் தூளாக்கித் தேயிலைக்குப் போடுகிறார்கள். அந்தப் பாறைத் தூள் புளிப்பு மண்ணில்தான் கரையும். ஆகவே தேயிலைக்கு நல்ல உரம், சுண்ணாம்பு போட்ட மரக்கறிப் பாத்தியில் பெரிதாக வேலை செய்யாது. தேயிலை உரத்தை அப்படியே வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றிப் போடுவது சரிப்படாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புளிப்பை ஓரளவுக்குக் கண்ணாலேயே பார்க்கலாம். துரை பங்களா வாசலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். புளிப்பு மண்ணில் அலுமினியம் கிடைப்பதால் பூ நீலமாக இருக்கும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அதே செடி ரோஸ் நிறமாகப் பூக்கும். வெள்ளைப் பூ வகை மட்டும் நிறம் மாறாது.

மண்ணுக்குள்ளே ஒரு பெரட்டு

நமக்கு மலையில் பெரட்டு இருப்பதுபோல், மண்ணுக்குள்ளும் ஒரு பெரிய பெரட்டு நடக்கிறது. நல்ல மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் நூறு கோடி வரை பக்டீரியா இருக்கும். பூஞ்சணம், மண்புழு, இன்னும் எத்தனையோ உயிர்கள் வேறு. காய்ந்த இலையையும் சாணியையும் செடி நேராகச் சாப்பிட முடியாது. இந்த உயிர்கள்தான் அதை உடைத்து, நைதரசனை அமோனியாவாக விடுகின்றன. பிறகு வேறு இரண்டு கூட்டத்துப் பக்டீரியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்து அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பெரும்பாலான மரக்கறிச் செடிகள் விரும்பி எடுப்பது அதைத்தான்.

யூரியா போட்டாலும் இதே கதைதான். மண்ணிலுள்ள உயிர்கள் தொட்டால்தான் யூரியா செடிக்கு உணவாகும். ஆனால் அமோனியா நைத்திரேற்றாக மாறும்போது புளிப்பும் பிறக்கிறது. கொஞ்சம் போட்டால் மண் சமாளிக்கும். வருஷா வருஷம் கூடுதலாகப் போட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். புளிப்பு ஏறினால் அந்தப் பக்டீரியாக்களே சோர்ந்து போகும், மண்புழு இடம்பெயர்ந்துவிடும். கடைசியில் பூஞ்சணம் மட்டும் மெல்ல மெல்ல வேலை செய்யும்.

இது சும்மா சொல்கிற கதையல்ல. இங்கிலாந்தில் ரொத்தம்ஸ்டெட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புல்வெளியைப் பல துண்டுகளாகப் பிரித்து, 1856-லிருந்து இன்று வரை வெவ்வேறு உரம் போட்டுப் பார்த்து வருகிறார்கள். அமோனியம் சல்பேற்று நிறையப் போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட துண்டுகளில் மண்ணின் அளவு 4-க்கும் கீழே இறங்கியது. பல வகைப் பூண்டுகள் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு புல் வகைதான் மிஞ்சின. மக்குவதற்கு மண்புழு இல்லாததால், செத்த புல் பாய் விரித்ததுபோல் மேலேயே தங்கிவிட்டது. 1903-லிருந்து சுண்ணாம்பு போட்ட பக்கத்தில் அந்த நிலைமை இல்லை. ஒரே புல்வெளி, ஒரே உரம், வித்தியாசம் சுண்ணாம்பு மட்டும்தான்.

2021 சொல்லிக் கொடுத்தது

அப்படியென்றால் இரசாயன உரமே வேண்டாமா? அந்த முடிவுக்கும் அவசரப்படக் கூடாது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த வருஷம் நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2021-ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் உரத் தட்டுப்பாடு பெரிய காரணம். கொழுந்து குறைந்தபோது கிலோ நிறையாமல் சம்பளத்தில் விழுந்த துண்டு யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்குதான். அந்த 23 கிலோவைக் கூட்டெருவாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,150 முதல் 2,300 கிலோ வரை வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். ஒரே நாளில் உரத்தை நிறுத்திவிட்டு ஒரு மலை முழுக்கக் கூட்டெரு சுமக்க எந்தத் தோட்டத்தாலும் முடியாது. உரம் செடிக்குச் சோறு. எரு மண்ணுக்குச் சோறு. ரெண்டும் வேண்டும்.

மலையில் கவனிக்க வேண்டியது

கவ்வாத்து வெட்டியதும் மிலாறு பொறுக்குவது நம் வீட்டு அடுப்புக்காக. வேறு விறகு இல்லாதபோது அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் இலையையும் சிறு குச்சியையும் மலையிலேயே விட்டுவிட்டு, கனமான மிலாறை மட்டும் எடுத்தால் நல்லது. சத்து அதிகம் இருப்பது இலையில்தான். அது மக்கி, மறுபடியும் அந்தச் செடிக்கே போகும். மழை அடித்து மண் ஓடுவதும் குறையும்.

கவ்வாத்துக் காலத்தில் டொலமைற் போடச் சொல்வதும் சும்மா இல்லை. அது மண்ணின் புளிப்பு அளவு கடந்து போகாமல் காக்கும். கழுவிப் போன கல்சியத்தையும் மக்னீசியத்தையும் திருப்பிக் கொடுக்கும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் 18 முதல் 24 மாதம் வரை குவாத்தமாலா புல்லோ மானா புல்லோ வளர்க்கிறார்களே, "நிலத்தை வீணாப் போட்டிருக்காங்க" என்று நினைக்க வேண்டாம். அந்தப் புல்லை வெட்டி வெட்டி மண்ணிலேயே போடுவதால் களைத்துப்போன மண்ணுக்கு உயிர் திரும்புகிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு

1. முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஐந்தாறு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, நிழலில் காயவைத்து, அரைக் கிலோ எடுத்து வையுங்கள். எங்கே கொடுப்பது என்று கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

2. புளிப்பு அதிகம் என்று தெரிந்தால் டொலமைற் போடுங்கள். சோதனை சொல்கிற அளவே சரியான அளவு. பொதுவாகச் சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் ஆரம்பிக்கலாம். நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டால் மட்டும் போதாது.

3. அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடாதீர்கள். அதில் பொட்டாசியமும் கல்சியமும் இருக்கிறது. சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி, மிஞ்சினால் இரண்டு. பிளாஸ்டிக் எரித்த சாம்பல் ஆகாது. உருளைக்கிழங்குப் பாத்திக்கும் சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி வரும்.

4. சாம்பலையோ சுண்ணாம்பையோ யூரியாவோடு கலக்கவே கூடாது. கலந்தால் மூக்கில் ஏறுகிற நெடி வரும். அது உங்கள் காசு ஆவியாகப் போகிற நெடி. இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள். யூரியாவை ஈர மண்ணில் போட்டு மூடிவிடுங்கள்.

5. கூட்டெருக் குவியலுக்குக் காய்ந்த இலை, குப்பை இரண்டு மூன்று பங்கும், பச்சைப் புல், முள்முருங்கை இலை, மரக்கறிக் கழிவு, சாணி ஒரு பங்குமாக அடுக்குங்கள். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் போதும். மழையில் நனையாமல் மூடி வைத்து, இடையிடையே புரட்டிவிடுங்கள். மக்காத சருகை நேராக மண்ணில் கொத்தக் கூடாது. அதை மக்கவைக்க உயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும்.

6. பூக்கிற பருவத்தில் ஒரு போஞ்சிச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் உள்ளே ரோஸ் நிறமாக இருந்தால், காற்றிலுள்ள நைதரசனை எடுத்துக் கொடுக்கிற பக்டீரியா அங்கே வேலை செய்கிறது. முடிச்சு இல்லை, அல்லது உள்ளே பச்சையாக இருக்கிறது என்றால் மண் சரியில்லையா என்று பார்க்க வேண்டும்.

7. கோவா வேர் கட்டி கட்டியாக வீங்கியிருந்தால் அது புளிப்பு மண்ணில் பெருகும் ஒரு நோய். அந்தக் கிருமி பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும். வீங்கிய வேரைக் கூட்டெருக் குவியலில் போட வேண்டாம். அந்தப் பாத்தியில் சில வருஷத்துக்குக் கோவா, முள்ளங்கி, நோக்கோல் வைக்காமல் வேறு பயிர் வையுங்கள்.

ஒரே போகத்தில் எல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. புளித்த மண் திருந்த ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம். முதலில் ஒரு பாத்தியை மட்டும் டொலமைற்றும் கூட்டெருவும் போட்டுச் செய்து பாருங்கள். பக்கத்துப் பாத்தியைப் பழையபடியே விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த போகத்துக்கு உரக் கடையில் எவ்வளவு வாங்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுவீர்கள். பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்கள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறதெல்லாம் லயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது.